இஆர்பிநெக்ஸ்ட் சொந்த சர்வரில்: ஓடுவது தெரியும், நிற்பது தெரியாது

ஒரு கம்பெனியின் விற்பனை, ஸ்டோர், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருளை இஆர்பி என்பார்கள், அதில் ஒன்று இஆர்பிநெக்ஸ்ட். யூடியூபில் அதை நிறுவும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாமே லாகின் பக்கம் திரையில் வந்ததும் "அவ்வளவுதான் நண்பர்களே" என்று முடிந்துவிடும். மறுநாள் காலையிலிருந்து அந்த சர்வரை வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதனால் அந்தப் பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். கோவைப் பக்கம் வால்வும் பைப் ஃபிட்டிங்கும் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சர்வர் படுத்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். எங்களிடம் ஓடுவது 15ஆம் பதிப்பு, வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வர், விற்பனை, கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு எல்லாம் இதில்தான்.

மென்பொருளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மும்பையில் இருக்கும் ஃப்ராப்பே நிறுவனத்தின் தயாரிப்பு. அதை ஆரம்பித்த ருஷப் மேத்தா தன் குடும்பத்தின் ஃபர்னிச்சர் தொழிலுக்கு ஒரு இஆர்பி போடப் போய், அது சரிப்படாமல் சொந்தமாக எழுத ஆரம்பித்தவர். அந்த வாசனை இன்னமும் இதில் இருக்கிறது. ஒரு ஜாப் ஒர்க் செலானையோ, பாதி சரக்கு வந்து பாதி பாக்கி நிற்கும் பர்ச்சேஸ் ஆர்டரையோ இதில் போடும்போது, தொழிற்சாலையைப் பார்த்த ஆள்தான் இதை யோசித்திருக்கிறார் என்று தெரியும். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், எத்தனை பேர் லாகின் செய்தாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கிடையாது. முப்பது பேர் உள்ளே வரும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மற்ற மென்பொருள்களில் லைசென்ஸை மிச்சப்படுத்த ஒரே லாகினை நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள், அப்புறம் யார் பில்லை மாற்றியது என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். இங்கே செக்யூரிட்டிக்குக்கூடத் தனி லாகின் கொடுத்திருக்கிறோம், கேட் என்ட்ரி அவர்தான் போடுகிறார்.

சரி, நிறுவுவது. பெஞ்ச் என்று ஒரு கமாண்ட் கருவி இருக்கிறது, எல்லாமே அதன் வழியாகத்தான். உள்ளே பைத்தான், மரியாடிபி (டேட்டாபேஸ்), ரெடிஸ், நோட், முன்னால் பக்கங்களை பிரவுசருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ், எல்லாவற்றையும் எழுப்பி நிற்க வைக்க சூப்பர்வைசர். லினக்ஸ் கொஞ்சம் பழகியவருக்கு ஒரு பொழுதில் முடிகிற வேலைதான், டாக்கர் தெரிந்தவர்களுக்கு ஃப்ராப்பேயே கொடுக்கும் டாக்கர் தொகுப்பு இன்னும் சுலபம். ஆனால் இரண்டு இடத்தில் எல்லோரும் மாட்டுவார்கள். ஒன்று ரேம். 2 ஜிபி சர்வர் எடுத்தால் பெஞ்ச் பில்ட் (திரைக்கான ஃபைல்களைத் தயார் செய்யும் வேலை) ஓடும்போது பாதியில் "கில்டு" என்று ஒரே வார்த்தையோடு நின்றுவிடும், காரணம் எதுவும் சொல்லாது. நினைவகம் போதாமல் லினக்ஸே அந்த வேலையைக் கொன்றிருக்கும். 4 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், நிஜமாகவே தொழில் நடத்துவதென்றால் 8 வையுங்கள், ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போட்டு வையுங்கள்.

இன்னொன்று, எல்லாம் முடிந்து தளத்தைத் திறந்தால் லாகின் பக்கம் எந்த அலங்காரமும் இல்லாமல், வெறும் நீல லிங்க்குகளோடு 1998இல் செய்த வெப்சைட் மாதிரி வந்து நிற்கும். இதைப் பார்த்ததும் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அதே பக்கம் மறுபடியும் வரும். விஷயம் இதுதான்: உபுண்டு 21.04இலிருந்து புதிய யூசரின் ஹோம் ஃபோல்டர் 750 என்ற அனுமதியோடு உருவாகிறது, அதாவது வேறு யூசர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது இன்னொரு யூசராக. ஸ்டைல் ஃபைல்கள் இருப்பதோ அந்த ஹோம் ஃபோல்டருக்குள். ஃபோல்டருக்குள் நுழையும் அனுமதியை மற்றவர்களுக்கும் கொடுத்தால், ஒரே ஒரு வரிதான், பக்கம் பளிச்சென்று வந்துவிடும்.

அடுத்து தமிழ். எங்கள் டெலிவரி செலானில் லாரி டிரைவருக்காக முகவரியைத் தமிழிலும் போடுகிறோம். திரையில் அழகாகத் தெரியும், பிடிஎஃப் எடுத்தால் வரிசையாகச் சதுரக் கட்டங்கள். பிடிஎஃப்பைத் தயாரிப்பது உங்கள் கம்ப்யூட்டர் இல்லை, சர்வர். சர்வரில் தமிழ் எழுத்துரு கிடையாது. உபுண்டுவில் லோஹித் தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும். கூடவே, பிடிஎஃப் எடுக்கும் wkhtmltopdf என்ற கருவியை உபுண்டுவின் தொகுப்பிலிருந்து அப்படியே போடாமல் "பேட்ச் செய்த க்யூடி" (patched Qt) என்று குறித்திருக்கும் பதிப்பாகத் தேடிப் போடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டிய தலைப்பும் பக்க எண்ணும் வராது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். தெரிவதால் சரி செய்துவிடலாம். இஆர்பிநெக்ஸ்ட்டின் பெரிய குறை என்று நான் சொல்வது வேறு: பின்னால் எது நின்றாலும் இது வாயைத் திறந்து சொல்லாது.

எப்படி என்றால், திரையில் நீங்கள் பில் போடுவது ஒரு பகுதி. மெயில் அனுப்புவது, ராத்திரி ஓட வேண்டிய வேலைகள், பெரிய ரிப்போர்ட்டுகள், ஸ்டாக் மதிப்பைத் திரும்பக் கணக்கிடுவது, இதெல்லாம் பின்னணி வேலை. அதற்கென்று வரிசைகள் உண்டு, வரிசையில் இருப்பதை எடுத்துச் செய்ய ஒர்க்கர்கள் உண்டு, நேரத்துக்கு வரிசையில் போட ஷெட்யூலர் என்று ஒன்று உண்டு. ஒர்க்கர் செத்தாலும், ஷெட்யூலரை யாராவது நிறுத்தி வைத்தாலும் பில் போடுவது நிற்காது. எல்லோரும் சந்தோஷமாக வேலை செய்துகொண்டே இருப்பார்கள். கஸ்டமர் போன் செய்து "இன்வாய்ஸ் மெயில் வரலையே" என்று கேட்கும்போதுதான் தெரியும், ஈமெயில் க்யூவில் அனுப்பாமல் நிற்பது ஒரு கூட்டமே இருக்கும்.

மெயில் பரவாயில்லை, திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். ஸ்டாக் மதிப்பு அப்படி இல்லை. ஒரு நாள் ஸ்டோர் இன்சார்ஜ் வந்து, "சார், எண்ணிக்கை சரியா இருக்கு, ரேட்டுதான் பழசையே காட்டுது" என்றார். அரை அங்குல பித்தளை பால் வால்வு. போன மாதத் தேதியிட்ட ஒரு கொள்முதல் பில்லைக் கணக்குப் பிரிவில் தாமதமாகப் போட்டிருந்தார்கள், ரேட் வித்தியாசம். பின்தேதியிட்டு எதைப் போட்டாலும் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த ஒவ்வொரு வரவு செலவுக்கும் மதிப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும், அதற்காக "ரீபோஸ்ட் ஐட்டம் வேல்யுவேஷன்" என்று ஒரு பதிவு தானாக உருவாகும், அது பின்னணியில் ஓடி முடிக்க வேண்டும். போய்ப் பார்த்தால் வரிசையாக "க்யூட்" என்று நிற்கிறது, ஒன்றும் ஓடவில்லை. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் ராத்திரி ஏதோ பராமரிப்பு என்று ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், நீண்ட வேலைகளை எடுக்கும் ஒர்க்கர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதை எழுப்பியதும் வரிசை கரைந்தது, ரேட் சரியானது. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் யாராவது ஸ்டாக் மதிப்பு ரிப்போர்ட்டை எடுத்து பேங்கில் கொடுத்திருந்தால் அது தப்பான எண். ரிப்போர்ட்டைத் திறக்கும்போது மதிப்பைத் திரும்பக் கணக்கிடுவது நடந்துகொண்டிருக்கிறது, எண் தவறாக இருக்கலாம் என்று ஒரு சின்ன அறிவிப்பு வந்து மறையும், ஒர்க்கரே நின்றுவிட்டது என்று அது சொல்லாது.

பெஞ்ச் டாக்டர் என்று ஒரு கமாண்ட் உண்டு, ஷெட்யூலர் நிலை, ஒர்க்கர் எத்தனை, வரிசையில் எத்தனை வேலை என்று சொல்லும். 15ஆம் பதிப்பின் பிந்தைய அப்டேட்களில் சிஸ்டம் ஹெல்த் ரிப்போர்ட் என்று ஒரு பக்கமே வந்திருக்கிறது, பேக்கப், மெயில், ஒர்க்கர், பிழைகள் எல்லாம் ஒரே இடத்தில், நல்ல பக்கம். ஆனால் இரண்டுமே நாமாகப் போய்ப் பார்த்தால்தான் பேசும். நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, பெஞ்ச் டாக்டர் சொல்வதைப் படித்து, ஏதாவது கோளாறு என்றால் என் போனுக்கு டெலிகிராமில் செய்தி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். மெயிலில் வைக்காதீர்கள், மெயில் அனுப்புவதே அந்த ஒர்க்கர்தான்!

பேக்கப்பும் இதே குணம்தான். புரொடக்‌ஷன் முறையில் நிறுவினால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கும் ஏற்பாடு தானாக வந்துவிடுகிறது, பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அது போய் விழுவது அதே சர்வரின் அதே டிஸ்க்கில், தளத்தின் பிரைவேட் ஃபோல்டருக்குள், பழையதைத் தானே அழித்துக்கொண்டே போகும். டிஸ்க் போனால் ஒரிஜினலும் போச்சு, பேக்கப்பும் போச்சு. அதோடு அது டேட்டாபேஸ் மட்டும். நீங்கள் பில்லோடு இணைத்த ஸ்கேன் காப்பிகள், வரைபடங்கள் வேண்டுமென்றால் "வித் ஃபைல்ஸ்" என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு முதலில் அமைத்துக் கொடுத்த கன்சல்டன்ட் (பெயர் வேண்டாம், இப்போது அவரோடு தொடர்பில்லை) "பேக்கப் ஆட்டோமேட்டிக் சார்" என்று சொல்லி கையெழுத்து வாங்கிவிட்டுப் போனார், பொய் சொல்லவும் இல்லை. அமேசானின் எஸ்3, கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றுக்கும் அனுப்பும் வசதி 15ஆம் பதிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த அனுப்பும் வேலையும் பின்னணி வேலைதான், ஒர்க்கர் நின்றால் அதுவும் நிற்கும் என்பதால் நான் அதை நம்பாமல் சர்வரின் கிரானிலிருந்து (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் லினக்ஸ் வசதி) நேரடியாக மும்பையில் உள்ள வேறொரு சேமிப்பிடத்துக்கு அனுப்புகிறேன்.

மும்பை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் கம்பெனிகள் கணக்கு விதிகளைத் திருத்தியபோது, கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று வந்துவிட்டது. விலை குறைவு என்று ஜெர்மனியில் சர்வர் எடுத்து பேக்கப்பையும் அங்கேயே வைத்திருக்கும் பிரைவேட் லிமிடெட்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்ட்னர்ஷிப், தனி உரிமையாளர் என்றால் இந்த விதி வராது.

பேக்கப்பில் இன்னொன்று. டேட்டாபேஸ் ஃபைலோடு சைட் கான்ஃபிக் காப்பி ஒன்றும் சின்னதாக விழும், பலர் அதை எடுத்து வைப்பதில்லை. அதற்குள் என்க்ரிப்ஷன் சாவி இருக்கிறது. புது சர்வரில் மீட்டெடுக்கும்போது அந்தச் சாவி இல்லையென்றால் பில்கள் எல்லாம் வந்துவிடும், ஆனால் உள்ளே சேமித்த மெயில் பாஸ்வேர்ட், ஏபிஐ சாவிகள் (வேறு மென்பொருள்களோடு இணையும் ரகசியக் குறியீடுகள்) எதையும் திறக்க முடியாது, எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். வெட்டியாக இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அவ்வப்போது மீட்டெடுத்துப் பாருங்கள், ஸ்டாக் மதிப்பும் பாக்கிப் பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

ஜிஎஸ்டி பக்கம் எனக்குப் பெரிய புகார் இல்லை. 14ஆம் பதிப்பிலிருந்து இந்தியாவுக்கான வரி வேலைகள் எல்லாம் இந்தியா கம்ப்ளையன்ஸ் என்று தனி ஆப் ஆகிவிட்டன, சம்பளம், எச்ஆர் இன்னொரு தனி ஆப். பழைய வீடியோவைப் பார்த்து இஆர்பிநெக்ஸ்ட்டை மட்டும் நிறுவிவிட்டு "ஜிஎஸ்டி எங்கே, சேலரி ஸ்லிப் எங்கே" என்று தேடுபவர்கள் நிறைய. ஆப்பைப் போட்டதும் முதல் வேலையாக பில் எண் வரிசையைப் பாருங்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. இஆர்பிநெக்ஸ்ட்டின் அசல் வரிசையோ வருடம், கோடுகள், ஐந்து இலக்க எண் எல்லாம் சேர்ந்து ஆங்கிலத்தில் 19 எழுத்து. சின்னதாக ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதல் பில்லுக்கு முன்னால். அதேபோல் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வரம்பு செட்டிங்ஸில் 50,000 என்று இருக்கும், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம் வரை தேவையில்லை, இதை டிஸ்பேட்ச் ஆட்களுக்குச் சொல்லி வைக்காவிட்டால் பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூருக்குப் போகும் லோடுக்கெல்லாம் எனக்குத்தான் போன் வரும். இ-இன்வாய்ஸ் ஒரே பட்டனில் அரசு போர்ட்டலுக்குப் போய் ஐஆர்என் என்ற பதிவு எண்ணை வாங்கி வருகிறது, வேகமாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஏபிஐ கிரெடிட் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவச மென்பொருள் என்று முதலாளியிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆடிட் டிரெயில் விஷயத்தில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. இதில் அக்கவுன்ட்ஸ் செட்டிங்ஸில் ஒரு டிக், போட்டால் திரும்ப எடுக்க முடியாது. சமர்ப்பித்த பில்லை அழிக்கவோ சத்தமில்லாமல் திருத்தவோ முடியாது, ரத்து செய்து திருத்தப் பதிப்பு போட வேண்டும், புது பில்லின் எண்ணுக்குப் பின்னால் 1 என்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் சொந்த சர்வர் வைத்திருப்பவர்களிடம் ஆடிட்டர் அடுத்த கேள்வியைக் கேட்பார், கேட்கவும் வேண்டும்: மரியாடிபிக்குள் நேரடியாக நுழைந்து மாற்றினால்? அந்த ரூட் பாஸ்வேர்ட் வைத்திருப்பவன் நான். தடமில்லாமல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் உண்மை. மரியாடிபியின் ஆடிட் ப்ளகினைத் தனியாக இயக்கி, அந்த லாக்கை எனக்கு அனுமதியில்லாத இடத்துக்கு அனுப்பிய பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது. இது இஆர்பிநெக்ஸ்ட்டின் வேலை இல்லை, சர்வர் வைப்பவரின் வேலை. ஆனால் எந்த வீடியோவிலும் இது வராது.

பாஸ்வேர்ட் என்றதும் இன்னொன்று. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற லாகினை அலுவலகத்தில் யாரிடமும் கொடுக்காதீர்கள், முதலாளியிடம்கூட. உரிமைகள் பிரிக்கும் வசதி இதில் ரொம்ப நுணுக்கமானது. ஸ்டோர்காரருக்கு அவருடைய கிடங்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம், ஒரே படிவத்தில் அளவு தெரியும் ஆனால் ரேட் தெரியாது என்றும் வைக்கலாம். அமைப்பதற்குள் மண்டை காயும், அது வேறு. ரோல், யூசர் பெர்மிஷன், ஃபீல்டின் பெர்ம் லெவல் என்று மூன்று அடுக்கு, ஒருவருக்கு ஒரு பில் தெரியவில்லை என்றால் மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் யாருக்கு என்ன என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஜெனரல் லெட்ஜர் திறக்க நேரம் ஆகிறது என்றால் பெரிய சர்வர் வாங்குவதற்கு முன் மரியாடிபியின் பஃபர் பூல் (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) அளவைப் பாருங்கள், டிஃபால்ட்டாக 128 எம்பிதான் இருக்கும். 8 ஜிபி சர்வரில் அதை 3, 4 ஜிபிக்கு ஏற்றினால் வித்தியாசம் உடனே தெரியும்.

அப்டேட். பெஞ்ச் அப்டேட் என்று ஒரே கமாண்ட், பேக்கப் எடுத்து, புதுக் கோடை இழுத்து, டேட்டாபேஸை மாற்றி, பில்ட் செய்து, ரீஸ்டார்ட் வரை அதுவே செய்யும். ஒழுங்காக வைத்திருந்தால் ஒழுங்காக ஓடும். ஒழுங்காக என்றால், அசல் கோடில் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. நம் தேவைக்கு ஃபீல்ட் சேர்ப்பது, பிரிண்ட் ஃபார்மட், ஒர்க்ஃப்ளோ எல்லாம் திரையிலேயே செய்யலாம், அவை டேட்டாபேஸில் இருப்பதால் அப்டேட்டில் போகாது. இதுதான் இந்த மென்பொருளின் ஆகச் சிறந்த அம்சம் என்பேன். பழைய கன்சல்டன்ட் அவசரத்துக்கு அசல் ஃபைலிலேயே நாலு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார், அப்டேட் அங்கேயே முட்டி நின்றது. அந்த நாலு வரியைத் தனி ஆப்பாக மாற்றிய பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. தேதியும் முக்கியம்: ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி, எனவே 21க்கு மேல், மாதக் கடைசி பில்லிங் கூட்டத்துக்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், சோதனைத் தளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவது.

மார்க் போடச் சொன்னால் மென்பொருளுக்கு ஐந்துக்கு நாலரை, நிர்வகிப்பவருக்குச் செய்து கொடுத்திருக்கும் வசதிக்கு இரண்டரை. தினமும் கால் மணி நேரமாவது சர்வரைப் பார்க்க ஒரு ஆள் உங்களிடம் இல்லையென்றால் சொந்த சர்வர் ஆசையை விட்டுவிட்டு ஃப்ராப்பே நிறுவனமே நடத்தும் ஃப்ராப்பே கிளவுடில் எடுத்துக்கொள்ளுங்கள், அதே மென்பொருள்தான், ஒர்க்கர் நின்றதா எழுந்ததா என்ற கவலை அவர்களுடையது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் பேக்கப்பை எடுத்துக்கொண்டு சொந்த சர்வருக்கு வரலாம், டேட்டாவைப் பிடித்து வைக்க மாட்டார்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் மட்டும் இன்னும் "டேலி டேட்டா அனுப்புங்க" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது. லெட்ஜர்களை எக்செல்லில் எடுத்துக் கொடுத்து ஓட்டுகிறோம். இந்த வருடம் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி அவர்களுக்கே ஒரு லாகின் கொடுத்திருக்கிறேன், இதுவரை உள்ளே வந்தது அங்கே ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பையன் ஒருவன்தான்.